எப்படித் தெரியும் என்று கேட்கட்டும் குழந்தை

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிய கூட்டங்களில் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறோம், கணக்கைப் பற்றிப் பேசுகிறோம், ஆங்கிலத்தைப் பற்றி நிறையவே பேசுகிறோம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு வரலாற்றை எப்படிச் சொல்லித்தருவது என்று பேச ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது அரிது. ஒதுக்கிய உங்களுக்கு முதலில் என் நன்றி.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். குழந்தைக்குப் பழங்காலத்தைப் பற்றி எதைச் சொன்னாலும், அதோடு சேர்த்து “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்ற கேள்வியையும் கொடுத்துவிட வேண்டும். இதற்கு எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. எட்டு வயதிலேயே கொடுக்கலாம். அந்த வயதில் அது பிள்ளைக்குப் பிடித்தமான கேள்வியும்கூட.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் இருக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் வருகிறது. மூவேந்தர், கடையெழு வள்ளல்கள் என்று பழைய தமிழகம் பிள்ளைகளுக்கு அறிமுகமாவது இந்த வயதில்தான். இன்றைய புத்தகங்களில் வண்ணப் படம் இருக்கிறது, செயல்பாடு இருக்கிறது, தாளும் அச்சும் நாம் படித்த காலத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். பாடம் முடிந்ததும் கரும்பலகையில் வினா விடை ஏறுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புக. பொருத்துக. கல்லணையைக் கட்டியவர் யார்? கரிகால் சோழன். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்தக் குரல் அடங்கியதும், “கரிகாலன்தான் கட்டினான்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால், “புக்குல போட்டிருக்கு டீச்சர்” என்று பதில் வரும். அதற்கு மேல் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. பல நேரம் நம்மிடமும் இல்லை.

சொல்லலாமே! கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்று முதலாம் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தச் செப்பேடு 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கரிகாலனோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவன். இவ்வளவு காலம் கழித்து எழுதியவர்கள் முன்னோரிடம் கேட்டதை எழுதினார்களா, வேறு ஏதாவது ஓலையைப் பார்த்து எழுதினார்களா? இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில், செய்தி என்பது எங்கிருந்தோ நம்மிடம் வந்து சேர்கிறது, வந்த வழியை விசாரிக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

“சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேற்றையும் போன மாதத்தையும் குழப்பிக்கொள்கிற பிள்ளைக்குக் கி.மு., கி.பி. என்ன புரியும் என்ற தயக்கம் நெடுங்காலமாக உண்டு. உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளைப் படித்த தலைமுறை, கண்ணால் காணாததைச் சிந்திக்கும் பக்குவம் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் வரும் என்று வரலாற்றை ஒத்தி வைத்தது. 1960-இல் உளவியலாளர் ஜெரோம் புரூனர் இதற்கு மாறாக ஒரு கருத்தை வைத்தார். எந்தப் பாடத்தின் சாரத்தையும், நேர்மை குறையாமல், எந்த வயதுப் பிள்ளைக்கும் ஏற்ற வடிவில் கற்பிக்க முடியும் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் கீத் பார்ட்டன், லிண்டா லெவ்ஸ்டிக் என்ற ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் வெவ்வேறு காலத்துப் படங்களைக் கொடுத்து, பழையதிலிருந்து புதியதற்கு வரிசைப்படுத்தச் சொன்னார்கள். 1996-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆண்டு எண்கள் பெரிதாகப் பொருள்படாத மழலையர் வகுப்புப் பிள்ளைகள்கூட உடையையும் வண்டியையும் வீட்டையும் பார்த்துக் காலத்தை முன்பின்னாக அடுக்கினார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. எண்ணில் தொடங்கினால் பிள்ளை தடுமாறும். பொருளில் தொடங்கினால் தடுமாறாது.

அப்படிப் பொருளில் தொடங்கிய ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பு. “நாளைக்கு வரும்போது வீட்டிலிருந்து பெயர் வெட்டின பாத்திரம் ஒன்று கொண்டுவாருங்கள்” என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மறுநாள் வகுப்பு முழுக்க எவர்சில்வர். டம்ளர், தூக்குவாளி, சம்படம், தாம்பாளம். ஒரு பையன் பித்தளைச் சொம்பு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பாட்டி முதலில் தரமாட்டேன் என்றாராம்.

ஆசிரியை பாடம் எதுவும் நடத்தவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதினார். என்ன எழுதியிருக்கிறது? யார் எழுதியிருப்பார்கள்? எதற்காக எழுதியிருப்பார்கள்? அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. ஒரு தாம்பாளத்தின் விளிம்பில் இரண்டு பெயரும் ஒரு தேதியும் இருந்தன. “எங்க அம்மா அப்பா கல்யாணம்” என்றாள் அந்தப் பிள்ளை. அது உனக்கு எப்படித் தெரியும் என்றார் ஆசிரியை. “ரெண்டு பேர் பேரும் இருக்கு, தேதியும் இருக்கு.” இன்னொருத்தியின் தூக்குவாளியில் அவள் வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு பெயர். அது யார்? அவளுக்குத் தெரியவில்லை. மொய்யாக வந்ததா, பாத்திரம் மாறிப்போனதா, இறந்துபோன யாரோ ஒருவருடையதா என்று வகுப்பே யோசித்தது. சில பாத்திரங்களில் எழுத்து புள்ளி புள்ளியாக இருந்தது. சிலவற்றில் கோடாக ஓடியது. உளியால் தட்டி எழுதுவதற்கும் மின்சாரக் கருவியால் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அது என்று ஒரு பையன் சொன்னான். அவன் மாமா பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார்.

பிறகு ஆண்டு பொறித்த பாத்திரங்களை எல்லாம் தரையில் வரிசையாக வைத்தார்கள். பித்தளைச் சொம்பில் ஆண்டு இல்லை. அதை எங்கே வைப்பது? “எல்லாத்துக்கும் முன்னாடி, ஏன்னா அது பித்தளை” என்றது ஒரு கூட்டம். “இப்பவும் பித்தளை விக்குதே” என்றான் ஒருவன். பாட்டியைக் கேட்டு வருவது என்று முடிவாயிற்று.

பாருங்கள், ஒரு கல்வெட்டு ஆய்வாளர் செய்கிற வேலை எல்லாம் அந்த அறையில் நடந்துவிட்டது. எழுத்தைப் படித்தார்கள், பெயரை அடையாளம் கண்டார்கள், எழுதிய முறையை வைத்துக் காலத்தை ஊகித்தார்கள், ஊகத்தை மறுத்தார்கள், சான்று தேடிப் போனார்கள். தெரியவில்லை என்று ஒரு தூக்குவாளியைத் தனியாகவும் வைத்தார்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்த வாரம் அந்த ஆசிரியை கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் படத்தைக் காட்டினார். அவற்றில் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்பன போன்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானையைச் சுட்ட பிறகு கீறிய எழுத்துகள் அவை. கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை. அதனால் செய்த குயவர் ஒருவரே எழுதாமல், பானைக்கு உரியவர்கள் தாங்களே எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “எங்க வீட்டுல மாதிரியே பேர் எழுதி வச்சிருக்காங்க” என்றார்கள். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் ஏறத்தாழ கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னதை அதன்பிறகு சொன்னால், அந்த எண் பிள்ளையின் மனத்தில் ஒட்டும். ஆதன் என்ற ஓர் ஆளோடு சேர்ந்து ஒட்டும்.

நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் வீடு, தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று விரிந்துகொண்டே போகின்றன. அருகில் இருப்பதே குழந்தைக்குப் புரியும் என்ற எண்ணத்தில் அமைந்த முறை இது. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு டைனோசரைப் பிடிக்கிறது, அதுவா பக்கத்துத் தெருவில் இருக்கிறது? எகிப்து மம்மியைப் பற்றிக் கேட்டால் கண் விரிகிறது. தொலைவு குழந்தைக்குத் தடையே இல்லை. கையில் பிடித்துப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு சான்று இருந்தால் இரண்டாயிரம் ஆண்டும் பக்கத்தில் வந்துவிடும்.

கதைக்கு வருவோம். கதையில்லாமல் குழந்தைக்கு வரலாறு இல்லை என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லாமல் ஒரு தமிழ்க் குழந்தை வளரக் கூடாது. அருமையாகக் கிடைத்த கனி, உண்டால் நெடுங்காலம் வாழலாம் என்ற கனி. அதைத் தான் உண்ணாமல் ஒரு புலவருக்குக் கொடுத்தான் ஓர் அரசன். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும்.

கதை முடிந்ததும் நம் கேள்வி வர வேண்டும். இது எப்படித் தெரியும்? ஔவையே அவனை வாழ்த்திப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பிறகு? திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊர். அங்கே ஒரு குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் துறவியர் தங்குவதற்கு அந்த இடத்தைக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. பாட்டில் இருந்த பெயர் பாறையிலும் இருக்கிறது! அசோகன் தன் கல்வெட்டில் சோழரையும் பாண்டியரையும் சொல்கிற இடத்தில் சத்தியபுத்திரர் என்று ஒரு மரபினரையும் சொல்கிறான். அவர்கள் யார் என்று நெடுநாள் நடந்த விவாதத்துக்கு இந்தச் சின்னப் பாறை ஒரு விடை தந்தது.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: பாறையில் நெல்லிக்கனி இருக்கிறதா? இல்லை. அப்படியானால் பாறை எதைச் சொல்கிறது? அப்படி ஓர் ஆள் இருந்தான், அவன் கொடுக்கிறவன் என்று சொல்கிறது. நெல்லிக்கனியை யார் சொல்கிறார்கள்? ஔவை சொல்கிறார். சாவை விலக்கும் கனி ஒன்று உண்டா? இதற்குப் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அந்தச் சிரிப்பினால் அதியமானின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடாது. கதையின் அழகு ஒரு பக்கம், கல்லின் உறுதி ஒரு பக்கம். இரண்டையும் ஒன்பது வயதுப் பிள்ளை பிரித்துப் பார்க்கும், இரண்டையும் விரும்பும்.

அதே ஔவையை வைத்துக் காலத்தையும் கற்பிக்கலாம். ஆத்திசூடி பாடிய ஔவையும் அதியமானிடம் கனி வாங்கிய ஔவையும் ஒருவரே என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி உண்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கோல் ஊன்றிய பாட்டி உருவம் நம் கண்ணில் நிலைத்ததற்கு 1953-இல் வந்த ‘ஔவையார்’ படமும் கே.பி. சுந்தராம்பாளின் நடிப்பும் பெரிய காரணம். பாட்டு ஒரு காலம், படம் ஒரு காலம். ஒரு பெயருக்குள் எத்தனை காலம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது என்று பிள்ளை உணர்வதுதான் காலவுணர்வு. ஆண்டுகளை மனப்பாடம் செய்வது அதற்கு மிகவும் பிந்தியது.

அரசர்களை விட்டு, பிள்ளையின் தட்டுக்கு வருகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளை காலையில் சாப்பிடும் உப்புமாவுக்கும் மதியம் சாப்பிடும் முட்டைக்கும் வரலாறு உண்டு. சென்னை மாநகராட்சி 1920-இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் அது மாநிலம் முழுவதற்குமான திட்டமாகத் தொடங்கியது. ஊர்மக்கள் நெல்லும் அரிசியும் கொடுத்து நடத்தினார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1920, 1956, 1982, 2022. நான்கு ஆண்டுகள், ஒரு நூற்றாண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல காலக்கோடு எங்கே கிடைக்கும்?

இதில் சான்று யார் தெரியுமா? வீட்டில் இருக்கிறவர்கள். “நீங்க ஸ்கூல்ல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அம்மா சத்துணவு சாப்பிட்டிருப்பார். தாத்தா, வெளிநாட்டிலிருந்து வந்த பால் பவுடரையும் கோதுமை உப்புமாவையும் சொல்வார். தட்டு யார் கொண்டுபோனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்களா என்று ஒவ்வொன்றாக வெளிவரும். ஒரு பிள்ளை வந்து சொல்லும்: “எங்க பாட்டி ஒண்ணும் சாப்பிடலையாம். அவங்கள ஸ்கூலுக்கே அனுப்பலையாம்.” அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். ஏன் அனுப்பவில்லை? அதே வீட்டில் பாட்டியின் அண்ணன் போனாரே? பெண் கல்வியைப் பற்றிய எந்தப் பாடமும் சொல்ல முடியாததை அந்தப் பாட்டி தன் பேத்தி வாயிலாகச் சொல்லிவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வரலாற்றுக்குள் குழந்தையை அழைத்துப் போனால் இனிப்பான செய்திகள் மட்டும் கிடைக்காது. சேர்ந்து உட்கார விடவில்லை என்று ஒரு தாத்தா சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை அதை வகுப்பில் எழுந்து சொல்லவும் கூடும், சொல்லக் கூசவும் கூடும். யாரையும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்காதீர்கள். சொன்னால் மறைக்கவும் செய்யாதீர்கள். “அப்போது அப்படி நடந்தது. அது தவறு. அதை மாற்றப் பலர் போராடினார்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்த நிகழ்ச்சியை ஐந்தாம் வகுப்பில் சொல்லலாம். உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி வைப்பது அநியாயம் என்பது எந்தக் குழந்தைக்கும் விளையாட்டுத் திடலிலேயே தெரியும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் அப்படித்தான். ஊரின் வரலாறு முழுவதும் அந்தப் பழுப்பேறிய பக்கங்களில் இருக்கிறது. ஆனால் அதில் சாதி என்று ஒரு பத்தி உண்டு. இன்றும் ஊரில் வாழ்கிறவர்களின் பெயர்கள் உண்டு. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், ஆசிரியரே பார்த்து, முதல் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை, அப்பாக்கள் என்ன வேலை பார்த்தார்கள், இன்று எப்படி என்று எண்ணிக்கையாகச் சொல்லட்டும். பிள்ளைகள் அதைப் பட்டை வரைபடமாக வரையட்டும். கணக்குப் பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

உத்திரமேரூரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், அந்த ஊர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். உள்ளே இருப்பதை வாசியுங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். சபை கூடியிருக்க, குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓலையை எடுக்க வேண்டியவர் யார்? விவரம் அறியாத ஒரு சிறுவன்! எடுத்த ஓலையை வாங்குகிற நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்.

ஏன் விரலை விரிக்க வேண்டும் என்று நாலாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “வேற ஓலைய கைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதுல்ல!” என்று உடனே பதில் வரும். ஏன் சிறுவன் எடுக்க வேண்டும்? “அவன் யாருக்கும் சப்போர்ட் பண்ண மாட்டான்.” ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிர்வாகச் சட்டத்தின் உட்கருத்தைப் பிள்ளைகள் தாங்களே எட்டிப் பிடிக்கிறார்கள். வகுப்புத் தலைவரை அதே முறையில் ஒருநாள் தேர்ந்தெடுங்கள்; மண்குடமும் காகிதத் துண்டும் போதும்.

தேர்தல் முடிந்ததும் கல்வெட்டின் மற்ற பகுதிக்கு வாருங்கள். போட்டியிட 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது. இப்போது பிள்ளைகளிடம், “நம் வகுப்பில் யார் யாருடைய பெயர் குடத்துக்குள் போயிருக்காது?” என்று கேளுங்கள். பெண்கள் பெயர் போயிருக்காது. நிலம் இல்லாதவர் பெயர் போயிருக்காது. அது பிராமணர்களின் சபை. அந்த ஊரிலேயே வாழ்ந்த மற்றவர் பெயரும் போயிருக்காது. உத்திரமேரூரை எண்ணி வியக்கவும் வேண்டும், அங்கே விடுபட்டவர்களை எண்ணவும் வேண்டும். இரண்டையும் ஒரே பாடத்தில் சொன்னால்தான் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பு வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளைக்குப் புரியும்.

பெருமையைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வரலாற்றில் பெருமைப்பட நிறைய உண்டு; பிள்ளை அதை அறிந்து தலை நிமிர வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இன்று கைப்பேசியில் ஒவ்வொரு காலையும் ஒரு பழம்பெருமை வந்து விழுகிறது. உலகிலேயே முதன்முதலில் நாம்தான் செய்தோம், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான், அறிவியலே வியக்கிறது என்றெல்லாம் வருகிறது. எங்கே இருக்கிறது, யார் படித்தார்கள் என்ற தகவல் எதுவும் அதில் இருக்காது. பெரியவர்களே அதை நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். சான்று கேட்கும் பழக்கத்தை நமக்கு யாரும் எட்டு வயதில் தரவில்லை. சான்றில்லாத பெருமை இன்று நம்மை மகிழ வைக்கும். நாளை அதே சான்றில்லாத வெறுப்பை எவனாவது கொண்டுவந்து கொடுத்தால், அதையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம். பாத்திரத்தில் இருந்த பெயர் யாருடையது என்று தெரியவில்லை என்று துணிந்து சொன்ன பிள்ளை, இருபது வயதில் அப்படி எளிதாக ஏமாறாது.

நடைமுறைச் சிக்கல்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்ற பள்ளிகள் நம்மிடம் ஏராளம். எழுதப் படிக்க வைப்பதே பெரும்பாடு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பணிகளே நாள் முழுக்க இருக்கின்றன. இதில் வரலாற்றுக்கு எங்கே நேரம் என்று கேட்கிறீர்கள். நான் தனி நேரம் கேட்கவில்லை. பாத்திரத்தில் உள்ள பெயரைப் படிப்பது வாசிப்புப் பயிற்சி. பாட்டி சொன்னதை ஐந்து வரியில் எழுதுவது எழுத்துப் பயிற்சி. பதிவேட்டு எண்களைக் கூட்டிக் கழிப்பது கணக்கு. பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் இருப்பதும் இதற்கு வசதிதான். அண்ணன் கேள்வி எழுதுவான், தங்கை படம் வரைவாள்.

சில வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு: ஒவ்வொரு வரலாற்றுப் பாடத்தின் முடிவிலும் ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு சிறு கட்டம் இடுங்கள். அதில் ஒரு கல்வெட்டோ, ஒரு காசோ, ஒரு பாட்டோ, ஒரு புகைப்படமோ இருக்கட்டும். எந்த ஊரில் கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பதும் இருக்கட்டும்.

கல்வித் துறைக்கு: குறுவள மையக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆசிரியர்களை அந்தந்த வட்டாரத்துக் கோயில், நடுகல், அகழாய்வு இடம், அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு அழைத்துப் போங்கள். ஆசிரியரே கல்வெட்டைத் தொட்டுப் பார்த்திராவிட்டால் பிள்ளைக்கு எதைக் காட்டுவார்?

அருங்காட்சியகத்தாருக்கு: விளக்க அட்டைகளை எட்டு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில், அது வாசிக்கக்கூடிய தமிழில் வையுங்கள். கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்த நாளிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் அங்கே அலையலையாக வருகிறார்கள். அவர்கள் வரிசையில் நடந்து வெளியேறிவிடாமல், நின்று கேள்வி கேட்க இடம் கொடுங்கள்.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை எதையாவது கேட்டுக்கொண்டு வந்து நின்றால், “போய்ப் படிக்கிற வேலையைப் பார்” என்று விரட்டாதீர்கள். அது படிக்கிற வேலைதான். வீட்டில் முதியவர்கள் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே அனுப்புங்கள்.

கடைசியாக, ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு: அடுத்த முறை வரலாற்றுப் பாடம் எடுக்கும்போது வினா விடையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை, சேர்ந்து தேடுங்கள். சான்று கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கும் வேலை தொடக்கப்பள்ளியில்தான் தொடங்க முடியும். அந்த வேலை உங்கள் கையில் இருக்கிறது. தொடங்குங்கள்.